டர்போவுக்குப் பின்னால் ஒரு பூனை

மே 3, சனி

இந்த நாட்குறிப்பில் உண்மையை மட்டுமே எழுதுவேன். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல். கிளை நூலகத்தில் இந்த வருடம் அதிகப் புத்தகம் எடுத்துப் படித்ததற்காக நூலகர் கொடுத்த பரிசு இது. இவ்வளவு நல்ல தாளில் பொய் எழுதினால் அது வீண்.

முதலில் வீட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன். நான் இளவேனில், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறேன். ஊர் திருச்செங்கோடு. அப்பா நடராசு உரக்கடை வைத்திருக்கிறார். அம்மா கோமதி வீட்டில் துணி தைக்கிறார். அக்கா அருள்மதி ஈரோட்டில் புகுந்த வீட்டில் இருக்கிறாள், ஏழாம் மாதம். வீட்டில் நாய், பூனை, கிளி எதுவும் கிடையாது. பூனை தெருமுனையில் வந்தாலே அப்பாவுக்கு இங்கே தும்மல் வரும். மிச்சமிருப்பது ஒரு வெள்ளை டர்போ கார். அதை அப்பா வீட்டு ஆள் கணக்கில்தான் சேர்க்கிறார் என்பதால் நானும் சேர்க்கிறேன்.

இன்று காலை அந்தக் காருக்கு அடியில் பச்சையாக ஒரு சின்னக் குட்டை இருந்தது. அப்பா அதில் விரலை வைத்து முகர்ந்து பார்த்து, கூலன்ட் என்றார். எஞ்சின் சூட்டைத் தணிக்க ஓடுகிற தண்ணீர் அது. இனிப்பாக மணக்கும், ஆனால் விஷம். தெருநாய்கள் நக்கிவிடக் கூடாது என்று நான் அதன்மேல் மணல் அள்ளிப் போட்டேன்.

மே 4, ஞாயிறு

டர்போ என்பது என்ன என்று நூலகத்தில் படித்தேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். அதனால் வண்டி பாயும். ஆனால் அந்தச் சக்கரம் பழுக்கக் காய்ந்துவிடும். அதனால்தான் அதைச் சுற்றிக் கூலன்ட் ஓட இரண்டு குழாய்கள். கடையிலிருந்து அப்பா கோபமாக வரும் நாட்களில் அம்மா மோரும் கையுமாக நிற்பது போல.

குழாய் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். எஞ்சினுக்கும், கார் உள்ளறையின் முன்சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் டர்போ. டர்போவுக்கும் பின்னால் குழாய். அப்பா செல்போனில் வீடியோ பார்த்து, அம்மாவின் கைக்கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் அடித்து, கசிவு அங்கேதான் என்று கண்டுபிடித்தார். ரப்பர் குழாயை இரும்புக் குழாயோடு பிடித்துவைக்கும் கிளாம்ப் வயதாகித் தளர்ந்திருக்கிறது. கண்ணாடியில் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. அப்பா மூன்று பக்கமிருந்தும் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கூடப் போகவில்லை.

பால்காரரிலிருந்து எதிர்வீட்டு வேலுச்சாமி அண்ணன் வரை எல்லாரும் ஒரே ஆலோசனைதான் சொன்னார்கள். பரமசிவத்திடம் விடுங்கள், அந்த வண்டி அவர் கையில் வளர்ந்தது.

பரமசிவம் என் தாய்மாமன், அம்மாவுடைய தம்பி. மலையடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இந்தக் காருக்கு முன்பு சொந்தக்காரராக இருந்த டாக்டருக்கு மாமாதான் வேலை பார்த்தார். அப்பா போன தை மாதம் அதை வாங்கி, மாலை போட்டு, உறவுக்காரர்கள் எல்லாரையும் கூட்டி நிறுத்தியபோது, மாமா சிரித்துக்கொண்டே, "மச்சான் வண்டி வாங்கல. எனக்கு மாசச் சம்பளத்துக்கு ஏற்பாடு பண்ணியிருக்கறாரு" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது. அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. பெயரைக்கூடச் சொல்வதில்லை. 'அந்த ஒர்க்‌ஷாப்காரன்' என்பார்.

இருபத்து மூன்றாம் தேதி அக்காவுக்கு வளைகாப்பு. எங்கள் குடும்பத்தில் முதல் வளையல் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார், தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று.

"என்ற வண்டியப் பாத்துச் சிரிச்சவன் என்ற வாசப்படி ஏறக் கூடாது" என்றார் அப்பா. "வளையலா ஊர்ல இல்ல. நானே வாங்கியாறேன்."

அம்மா "சரிங்க" என்றார். மறுபடி ரசம் ஊற்றினார். அம்மா இவ்வளவு சீக்கிரம் சரிங்க சொன்னால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். இது என் பல வருட கவனிப்பு.

மே 6, செவ்வாய்

வளையல் கடைக்குப் போனோம். அக்கா கை அளவுக்குப் பார்த்துவிட்டு, அம்மா தனக்கும் அரை டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் கேட்டார். ஓர் அளவு சின்னதாக. கடைக்காரர் கை நோகும் என்றார். நொந்தால் நோகட்டும் என்றார் அம்மா.

வளையல்காரர் செய்தது நன்றாக இருந்தது. சோப்பைத் தடவி, அம்மாவின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை உள்பக்கமாக அழுத்தினார். அகலமான கை ஒரு நொடியில் மீன் மாதிரி ஒடுங்கிவிட்டது. வளையல் வழுக்கி ஏறியது. இடம் இல்லாத இடத்தில் கையை நுழைப்பதற்கு வலு தேவையில்லை, மடங்கத் தெரிந்தால் போதும் என்றார் அவர்.

அம்மா அதை இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று என் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

மே 8, வியாழன்

சேலம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் அப்பா வண்டியை விட்டார். அங்கே கொக்கு மாதிரி விரல் நீண்ட ஒரு மெக்கானிக் இருக்கிறார். முதலில் எஞ்சினையே கீழே இறக்க வேண்டும் என்றாராம். அப்பா மறுத்ததால், அரை நாள் மல்லுக்கட்டி, பழைய ஸ்ப்ரிங் கிளாம்பை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ வைத்த புதுக் கிளாம்ப் போட்டிருக்கிறார். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் முடுக்கிவிடலாமாம்.

அப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். "பாத்தியா. எவன் இல்லாமயும் வேல நடக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா கிளாம்பைப் பற்றி நிறையக் கேட்டார். அம்மாவுக்கு இந்த விஷயங்களில் திடீரென்று ஆர்வம் வந்திருப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. அறிவு எந்த வயதிலும் வளரலாம்.

மே 10, சனி

மறுபடி குட்டை.

அம்மா இன்று வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து வாசல் தெளித்திருக்கிறார். வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்தவர் அந்தக் குட்டை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். அதோடு, அதைச் சுற்றி ஒரு கோலமும் போட்டிருந்தார். நடுவில் பச்சையாகக் குட்டை, சுற்றிலும் தாமரை இதழ்கள். அப்பா செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தவுடன் அது கண்ணில் படாமல் போக வழியே இல்லை. வண்டியை எடுக்கும் முன்பே பார்த்துவிட்டார், கூலன்ட் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பினார். அதனால் எஞ்சினுக்கு ஆபத்து எதுவும் இல்லை.

நான் கவனித்த மற்றவை:

தையல் மெஷின் டிராயரில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவர் சமையலறை ஜன்னலில் இருந்தது. கழுவி, துடைத்து வைக்கப்பட்டிருந்தது. லேசாக இனிப்பு வாசனை.

அம்மா கையில் பச்சை வளையல் ஒன்று குறைகிறது. கேட்டேன். பாத்திரம் தேய்க்கையில் உடைந்துவிட்டதாம். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கண்ணாடித் துண்டு எதுவும் இல்லை.

உண்மையை எழுதுவேன் என்றுதான் முதல் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். முடிவுக்கு வருவேன் என்று சொல்லவில்லை.

மே 12, திங்கள்

கொக்கு விரல் மெக்கானிக் மறுபடி முடுக்கிக் கொடுத்தார். இனிக் கசிந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொன்னாராம்.

மே 13, செவ்வாய்

குட்டை. இன்றைய கோலம் மயில். அந்த மெக்கானிக்குக்கு மீசை இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா கூலன்ட் டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

மே 15, வியாழன்

அக்காவைப் பார்க்க அம்மா ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறார். நாளை மாலைதான் வருவார். அப்பா இன்று வண்டியை மூன்றாம் முறை முடுக்கிக் கொண்டுவந்தார். பத்திரிகை வைக்கப் போகும் வீடுகளின் பட்டியலை இரவு சாப்பிடும்போது வாசித்தார். மாமா பெயர் இல்லை. நான் கேட்டேன்.

"இந்தத் தடவ கசியாது பாரு" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. வண்டி சரியாகிவிட்டால் மாமா தேவையில்லை.

பஸ் ஏறும்போது அம்மா என் தலையைத் தடவி, "நான் இல்லாதப்ப வூட்டப் பாத்துக்கோ கண்ணு. எல்லாம் நான் இருக்கற மாதிரியே இருக்கோணும்" என்றார்.

நான் பொறுப்பான பெண் என்று என் வகுப்பாசிரியர் மதிப்பெண் அட்டையில் எழுதியிருக்கிறார்.

மே 16, வெள்ளி

காலையில் குட்டை இருந்தது. எனக்கு மயில் வராது என்பதால் நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போட்டேன்.

என் வலது மணிக்கட்டில் சிராய்ப்பு. பூனை கீறியது.

மே 18, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

இனி யாரையும் நம்புவதாக இல்லை, நானே முடுக்குகிறேன் என்று காலை டிபன் முடிந்ததும் அப்பா போனட்டைத் திறந்தார். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பேட்டரிமேல் சாய்த்துவைத்தார். காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றினார், அதன் தடித்த குழாயைக் கழற்றினார், ஸ்க்ரூக்களை அம்மாவின் எவர்சில்வர் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு உடம்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, கையை உள்ளே விட்டார். போயிற்று. விரல் கிளாம்பைத் தொட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பாஸானபோதுகூட இவ்வளவு இல்லை.

அதன்பிறகு அப்பா அமைதியாகிவிட்டார். அப்பா அமைதியாக இருப்பது அரிது.

மூட்டு வலிக்காக அவர் பழனியில் வாங்கிப் போட்ட செப்புக் காப்பு மணிக்கட்டில் இருக்கிறது. டர்போவை மூடியிருக்கும் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே காப்பு போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. என்னைத் தோளைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். போதும் என்று சொன்னார். அவர் சொன்ன மற்ற வார்த்தைகளை இந்தத் தாளில் எழுத மனமில்லை. வீடியோவில் இருந்தவர் இது மிக எளிய வேலை என்று சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பா கேட்டுக்கொண்டதால் அவரை அணைத்தேன்.

எதிர்வீட்டு வேலுச்சாமி அண்ணன் பால் வாங்கப் போகும்போது, "என்னங்ணா, வண்டி வேலையாட்ட இருக்குது" என்றார். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னார். பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அண்ணன் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னும் பாக்கறீங்களாட்ட இருக்குது" என்றார்.

அம்மா காபி கொண்டுவந்தார். குனிந்த நிலையில் குடிக்க முடியாது என்பதால், இளநீர் வாங்கியபோது மிஞ்சிய ஸ்ட்ராவை டம்ளரில் போட்டுப் பிடித்தார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். சிவப்பு வண்டி வந்தால் தெருவே கூடிவிடும் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சேலம் ரோட்டு ஒர்க்‌ஷாப் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெயில் மெதுவாக அப்பாவின் முதுகுக்கு வந்தது.

"கோமதி" என்றார்.

"ஏனுங்க."

"போன் போடு."

"யாருக்குங்க?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

"தெரியலீங்க. நீங்க சொன்னாத்தான போடறது."

அப்பா ரொம்ப நேரம் எஞ்சினையே பார்த்தார். பிறகு அந்த எஞ்சினிடம் சொல்வது போல, "என்ற மாப்ளைக்கு" என்றார். மாமாவை அப்பா முன்பெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்.

அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் டம்ளரிலிருந்த ஸ்ட்ரா கொஞ்சம் ஆடியது.

மாமா பைக்கில் வந்தார். கையில் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, டார்ச், கொஞ்சம் வளைந்த கம்பி. வந்தவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைச் சிரிப்பில் சேர்க்க முடியாது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பாவுக்கு எதிரே குனிந்து தலையை உள்ளே விட்டார். இரண்டு தலைகளும் முட்டும் தூரத்தில் இருந்தன. நான்கு மாதமாகப் பேசாதவர்கள், நகர முடியாத நிலையில்.

"அவசரமுங்களா மச்சான்?" என்று கேட்டார் மாமா.

அப்பா வேறொன்று சொன்னார். "அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால அப்பிடிச் சொல்லிப் போட்டயே மாப்ள."

மாமா டார்ச்சை அணைத்தார். "சொல்லியிருக்கக் கூடாதுங்க. அத்தன பேரு இல்லாதப்பச் சொல்லியிருக்கோணும்." கொஞ்சம் பொறுத்து, "வண்டி நல்ல வண்டிங்க மச்சான். கையி போறதுக்குத்தான் எடமில்ல" என்றார்.

"வெள்ளிக்கெழம வளைகாப்பு."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் வராம இருந்திருப்பயா?"

"கூப்புடாம எப்பிடிங்க வாரது."

"இப்பக் கூப்புடறன். கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்புடலாம்னா, ஒரு கைதான் இருக்குது."

மாமா தலையை வெளியே எடுத்து, திரும்பி நின்று, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

பிறகு வேலையைப் பற்றிப் பேசினார். காப்பை அறுக்கலாம் என்றால் ரம்பம் எட்டாது. காப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் உருவ வேண்டும். அதற்கு உள்ளே போய்க் கட்டைவிரலை மடக்கிவிட இன்னொரு கை வேண்டும். மாமாவின் கை போகாது. "சின்னக் கையி வேணும்" என்று என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படி நிற்பது எனக்குப் பழக்கம்.

அம்மா உள்ளே போய்ச் சோப்பு எடுத்துவந்தார். மிச்சமிருந்த ஐந்து வளையல்களையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். முழங்கைவரை சோப்பைத் தடவினார். கட்டைவிரலை மடக்கி, அப்பா எதையும் கழற்றாத வேறோர் ஓரத்துச் சந்தில் கையை விட்டார். உள்ளே பார்க்கவேயில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரண்ட் இல்லாதபோது சமையலறையில் உப்பு டப்பாவை எடுப்பது போல, கை நேராக அப்பாவின் கையிடம் போய்விட்டது.

"உனக்கு எப்பிடி இந்த வழி தெரியும்?" என்றார் அப்பா.

"வளையல் போடற கையிங்க. கட்டவிரல மடக்குங்க. இன்னுங் கொஞ்சம். வெறைக்காதீங்க, வலுவெல்லாம் வேண்டாம். எறங்கி வந்தாப் போதும்."

கை வந்துவிட்டது. அப்பா நிமிர்ந்து, அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து, பிறந்த குழந்தை மாதிரி மார்போடு வைத்துக்கொண்டார்.

மாமா வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் காப்பை வெளியே எடுத்தார். அதோடு ஒரு சின்னப் பச்சைக் கண்ணாடித் துண்டும் வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். என் கையில் இருந்த வளையல்களைப் பார்த்தார். பிறகு தன் அக்காவைப் பார்த்தார். அம்மா கோலத்தை மிகவும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"ஸ்க்ரூ தளந்திருக்குதுங்க மச்சான்."

"அதெப்பிடித் தளரும்? அவன் மூணுதரம் முடுக்குனான்."

மாமா யோசித்தார். "சூடு, குளிர், அதனாலதாங்க" என்றார். "இந்த எடத்துக்கு ஸ்க்ரூ கிளாம்பு ஆகாதுங்க. ஆரு வேணும்னாலும் திருகிப் போடலாம்." உடனே, "தானாத் திருகிக்கும்னு சொன்னேன்" என்றார். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பழைய மாதிரி ஸ்ப்ரிங் கிளாம்ப் எடுத்துவந்து மாட்டினார்.

"இதக் கழட்டவே முடியாதா தம்பி?" என்று அம்மா கேட்டார். கேட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மூக்கு நீண்ட ப்ளையர் இருந்தாத்தான் முடியும்க்கா. நம்மூர்ல என்றகிட்டத்தான் இருக்குது. வேணும்னா ஈரோட்டுல கெடைக்கும்."

அப்பா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மாமா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். பூனை கீறியது என்றேன். பைக் பெட்டியிலிருந்து ஒரு மருந்துக் குழாயை எடுத்துத் தடவிவிட்டார்.

"பூனையப் பாத்தீன்னாச் சொல்லு கண்ணு. அந்தத் தகட்டு ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கையில துணி சுத்திக்கோணும்."

பார்த்தால் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

மே 23, வெள்ளி

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஏழு தட்டு வரிசையோடு மாமாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா மண்டபத்து வாசலுக்கே போய் இரண்டு கைகளையும் கூப்பினார். "இன்னைக்கு ரெண்டு கையும் இருக்குது மாப்ள" என்றார். அது மற்றவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் நாலு பேருக்குப் புரிந்தது.

முதல் வளையலை அத்தைதான் போட்டார். அக்காவின் கை வீங்கியிருந்ததால் ஏறவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, "எறங்கி வந்தாப் போதும்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். முதல் ஜோடி குலுங்கியதும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்றார். சமையல் மண்டபத்துக்குப் பின்னால், காஸ் அடுப்பில் நடந்துகொண்டிருந்தது.

ஆண்கள் எல்லாரும் வெளியே நாற்காலியில் இருந்தபோது, அப்பா மட்டும் உள்ளே வந்து, அம்மா கையை மடக்கிவிடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் இந்த விஷயங்களில் திடீரென்று ஆர்வம்.

மாமா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். சின்ன அளவில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. பூனைக்காம்.

மே 26, திங்கள்

அப்பா கடைச் சரக்கு விஷயமாக ஈரோடு போய்வந்தார். குட்டை இல்லை. வாசலில் சாதாரணக் கோலம்.

மே 28, புதன்

குட்டை இல்லை. வளைகாப்புக்குப் பிறகு மாமா வரவேயில்லை. வர ஒரு காரணமும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து, காருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வைத்திருந்த காலத்தில் இந்தக் கார் ஏற்காட்டு மலையில் செய்த வேலையைப் பற்றி வளைகாப்பன்று மாமா பாதிக் கதை சொல்லியிருந்தாராம். மீதியைக் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். போன் பண்ணிக் கூப்பிடுங்களேன் என்றார் அம்மா.

"சும்மா எப்பிடிக் கூப்புடறது" என்றார் அப்பா.

மே 29, வியாழன்

காலையில் காருக்கு அடியில் பச்சைக் குட்டை.

அம்மா வாசல் தெளிக்கும் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பள்ளியில் பிரார்த்தனை முடிந்ததும் நகம் பார்ப்பார்களே, அதுபோல நான் என் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். அம்மாவும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளை நீட்டினார். நான்கு கைகளும் சுத்தமாக இருந்தன.

அப்பா செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தார். குட்டையைப் பார்த்து, "அடடா, மறுபடியுமா" என்றார். குட்டையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை எழுதுவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அவர் கையில் காப்பு இல்லை. முழங்கைவரை சோப்பு வாசனை. காப்பு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு நீளக் கீறல்.

"கையில என்னங்க?" என்று கேட்டார் அம்மா.

அப்பா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பூனை கீறிப் போடுச்சு" என்றார்.

"வரவர இந்தப் பூனையோட பெரிய ரோதனையாப் போச்சுங்க" என்றார் அம்மா. குனிந்து, குட்டையைச் சுற்றிப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். பெரிய தேர்க்கோலம்.

சாயங்காலம் மாமா வந்தார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இது சாதாரண வேலை இல்லை என்றும், தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்க முடியும் என்றும் சொன்னார். எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை என்றார் அப்பா. அம்மா பணியாரம் சுட்டார். ஏற்காட்டுக் கதையின் மீதி தொடங்கி, இன்னும் முடியவில்லை.

உரக்கடைப் பையில் மூக்கு நீண்ட புது ப்ளையர் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கையுறைகளோடு சேர்த்து என் புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக.

பூனை தெருமுனையில் வந்தாலே அப்பாவுக்குத் தும்மல் வரும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இன்று அப்பா ஒரு முறைகூடத் தும்மவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.